இரண்டு அளவு கருமருந்து

கல்யாணத்தின்போது எனக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பத்திரண்டு. நான் இரண்டாந்தாரம். மூத்தவள் விஷக்காய்ச்சலில் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அவளுடைய நகைகளையும் சேலைகளையும் பிறந்த வீட்டார் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அவள் முகம் எப்படியிருந்திருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அவளுடையதென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். கூரைக்கடியில் அட்டாலிப் பரணில் எண்ணெய்ச் சாக்கில் சுற்றிக் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கி.

ஏற்காட்டுத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அவள் அப்பா அதை வாங்கியிருக்கிறார். ஒரே பெண் என்பதால் தோளில் வைக்கும் மரக்கட்டையை அவள் அளவுக்கு வெட்டி, சுடக் கற்றுக்கொடுத்து, கல்யாணத்தில் சீரோடு சேர்த்து அனுப்பிவிட்டார். லைசென்ஸ் மட்டும் மாப்பிள்ளை பேரில்.

கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் மானாவாரிக் காடு. கடலைக்காய் முற்றும் சமயத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும். நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வருஷம் நான்கு ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டுவிட்டது. விடிந்ததும் காட்டுக்குப் போய் நின்றேன். வேலைக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, பிடுங்கிக் கிடந்த கொடியைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"பழைய அம்மணி இருந்திருந்தா பன்னி இந்தப் பக்கம் தல வெச்சிருக்காதுங்க. அதோ அந்த கெணத்து மேட்டுல நின்னு துப்பாக்கியால ஒரு ஈடு போடுவாங்க. மூணு நாளைக்கு ஒரு உசுரு எட்டிப் பாக்காது."

அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அந்த ஊரில் யாருமே என்னை நோகடிக்க எதுவும் சொன்னதில்லை. மூத்தவளைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் குறையாக இருந்தது. ஒரு ஆளென்றால் ஏதாவது ஒரு பொல்லாத குணம் இருக்குமல்லவா? கோபக்காரி, கஞ்சம், வாயாடி, ஏதாவது ஒன்று. நான் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். அவள் குழம்பு நன்றாக இருக்குமாம். அவள் கை பட்டால் மாடு பால் சுரக்குமாம். அதையெல்லாம்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. குழம்பு நானும் வைப்பேன், மாட்டையும் கறப்பேன். ஆனால் துப்பாக்கி சுடுவதற்கு நான் எங்கே போவேன்?

அடுத்த வருஷம் பன்றி முன்னதாகவே இறங்கியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அவர் அட்டாலியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்புள்ள, அதை எறக்கிச் செரி பண்ணிப்போடலாமா?"

"எதைங்க?" என்றேன், தெரிந்தும்.

"துப்பாக்கிய. சேலத்துல ஒரு ஆசாரி இருக்கானாம். பட்டணத்துத் துப்பாக்கிக் கடையில வேலை பாத்தவன்."

அவரே ஏறி இறக்கினார். சாக்கைப் பிரித்தபோது உள்ளே துருதான் இருந்தது. குழல் இரண்டும் செங்கல் நிறத்தில் பொரிந்து கிடந்தன. ஒரு பக்கத்துக் குதிரை, சுத்தி மாதிரி இருக்குமே அது, அசையவே இல்லை. எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இது இனிமேல் ஆகாது, ஆசாரி பார்த்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வான் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை என் காதாலேயே கேட்க வேண்டும்போல இருந்தது.

"நானும் வாரேனுங்க" என்றேன்.

ராசிபுரம் வழியாகப் பஸ்ஸில் சேலம் போனோம். துப்பாக்கியைப் பாயில் சுற்றி எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே வைத்துக்கொண்டார். வழி நெடுக அதன் பாரம் என் தொடைமேல்தான் இருந்தது.

ஆசாரியின் பட்டறை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். வருஷக்கணக்கில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு அவருக்கு இரண்டு காதும் மந்தம். என் கணவர் கத்திக் கத்திச் சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டு, ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வருவதாகப் போய்விட்டார். நான் பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆசாரி குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, ஒரு ஓரத்தில் மட்டும் எதையோ தடவித் துருவைத் துடைத்தார். துரு போன இடத்தில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. ஈரமணலில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து, கறுப்பும் வெள்ளையுமாக.

"டமாஸ்கஸ் கொழலுங்க அம்மணி" என்றார். "இரும்புக் கம்பியும் எஃகுக் கம்பியும் ஒண்ணா முறுக்கி, காச்சி, நாடா மாதிரி சுத்தி அடிச்சுப் பண்ணுனது. இப்ப எவனும் பண்றதில்ல. நல்லதா அமைஞ்சா உசுரு மாதிரி. முறுக்குக்கு நடுவுல எங்கயாச்சும் துரு இறங்கியிருந்தா எமன்."

பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சித்தெ கைய மடக்குங்க." நான் எதற்கென்று புரியாமல் மடக்கினேன். கட்டையை என் முழங்கை மடிப்பில் வைத்து, விசை எட்டுகிறதா என்று பார்த்தார். என் விரல் எட்டவில்லை.

"பொம்பளைக் கைக்குத்தான் கட்டைய இழைச்சிருக்கு. ஆனா உங்களுக்கு ரெண்டு விரக்கடை நீளமா இருக்கே. நல்ல ஒசரமான ஆளுக்கு வெட்டினது. உங்களுது இல்லீங்களா?"

"இல்லீங்க."

"ஆங்?"

"என்றது இல்லீங்க!" கத்தினேன்.

"அப்பறம் யாருதுங்க?"

"முன்னால இருந்தவங்களுது!"

சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் உயரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் குட்டை. அதுவரை முகமில்லாமல் இருந்தவளுக்கு நீளமான கைகள் வந்துவிட்டன, நீளமான கழுத்து வந்துவிட்டது. என் கணவரும் உயரம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போயிருந்தால் ஊரே பார்த்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆசாரி செய்ததுதான் என்னை முதல் பொய்க்குக் கொண்டுபோய் விட்டது. குழலை ஒரு சணலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். விரல் முட்டியால் தட்டினார். இரண்டு குழலையும் சேர்த்துப் பற்றவைத்த ஈயம் எங்கேயாவது விட்டிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ சத்தம் கெட்டுப் போகுமாம்.

"என்ற காதுதான் போச்சுங்களே. நீங்க கேட்டுச் சொல்லுங்க. மணி மாதிரி இருக்கா, ஓட்டைப் பானை மாதிரி இருக்கா?"

தட்டினார். கோயில் மணியை ஒரு தடவை அடித்துவிட்டால் எப்படி நீண்டு நீண்டு போகும், அப்படிப் போனது சத்தம். அவ்வளவு துருவுக்குள் இருந்து அப்படி ஒரு நாதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"பானை மாதிரிதான் இருக்குதுங்க!" என்றேன் உரக்க.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த குழலின் விளிம்பைப் பல்லால் லேசாகக் கவ்விக்கொண்டு மறுபடியும் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, காதுக்கு எட்டாத அதிர்வைப் பல்லால் கேட்பதுபோல நின்றார். வாயை எடுத்ததும் சணலை அவிழ்த்தார். என் கணவர் திரும்பி வந்தபோது, "கொழலு நல்லாருக்குதுங்க. மூணு வாரம் குடுங்க" என்று மட்டும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஏதோ திராவகத்தைப் பூசி, துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, கொதிநீரில் முக்கி, மறுபடியும் பூசி, இப்படிப் பன்னிரண்டு தரம் செய்தாராம். குழல் முழுக்க அந்தக் கோடுகள், பழுப்பும் வெள்ளியுமாகச் சுருண்டு சுருண்டு ஓடின. கட்டைக்கு எண்ணெய் ஊட்டியிருந்தார். என் கணவர் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆசாரி எங்கள் இருவரையும் உட்காரவைத்து விவரமாகச் சொன்னார்.

"அழகு வேற, உறுதி வேறங்க. வலக்கொழலு கனமா இருக்குது, பயமில்ல. எடக்கொழலுக்குள்ள அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்துச்சு. தேச்சு எடுத்திருக்கேன். எடுத்த எடத்துல கனம் கொறஞ்சு போச்சு. அதுவும் எங்கன்னா, சுடறப்ப எடது கை தாங்கிப் பிடிக்கிற எடத்துல. அதனால நான் சொல்றத மட்டும் போடுங்க. கருமருந்துதான் போடணும். கடையில விக்கிற புகை வராத தோட்டா ஒண்ணே ஒண்ணுகூடக் கூடாது. கருமருந்து ஆளைத் தோள்ல கை வெச்சுத் தள்ளுற மாதிரி. அது பளார்னு அறையுற மாதிரி. இந்தக் கொழலு தள்ளுறதத் தாங்கும், அறையத் தாங்காது."

பித்தளையில் ஒரு சின்ன அளவுக் குவளை கொடுத்தார். ஒரு தோட்டாவுக்குத் தலைதட்டி ஒரு அளவு. முதலில் கையில் பிடித்துச் சுடவே கூடாது. வண்டிச் சக்கரத்தில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, மேட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டு இழுக்க வேண்டும். அந்த முதல் தோட்டாக்களுக்கு மட்டும் ஒன்றேகால் அளவு. இரண்டு குழலையும் சேர்த்து ஐந்து இடத்தில் நூலால் சுற்றி அளந்து, ஒவ்வொரு நூலின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தந்தார். சுட்ட பிறகு அதே நூலை அதே இடத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும். முடிச்சு முடிச்சோடு சேர வேண்டும். சேராவிட்டால் குழல் ஊதியிருக்கிறது என்று அர்த்தம்.

"ஊதியிருந்தா?" என்றார் என் கணவர்.

"திரும்ப எங்கிட்டக் கொண்டாங்க. ஒரு ஈடுகூடப் போடாதீங்க. கை போயிரும்."

வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் மருந்து, ஈய ரவை, காலிப் பித்தளைத் தோட்டாக்கள், மருந்தை மூடும் அட்டை எல்லாவற்றையும் ஒரு முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு வெள்ளெழுத்து. பக்கத்தில் இருப்பது மசங்கும். குவளையில் தலைதட்டியிருக்கிறதா இல்லையா என்று தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தியெல்லாம் இது என்ற வேலையே இல்ல" என்று சிரித்தார். "அவளே அளந்து போட்டுருவா. நான் போட்டா நம்பமாட்டா."

"குடுங்க. நான் போடறேன்" என்றேன்.

"உனக்கு வருமா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் எழுந்து வண்டிச் சக்கரத்தைப் பார்க்கப் போனார்.

அன்று காலை நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். யாரையும் கொல்ல நினைக்கவில்லை. துப்பாக்கி சக்கரத்தில் கட்டியிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். அது அங்கேயே வெடித்துச் சிதறிப் போகட்டும். அவ்வளவுதான். பிறகு அட்டாலியில் எதுவும் இருக்காது. கிணற்று மேட்டில் நின்று சுட்டாள் என்று யாராவது சொன்னாலும் வெறும் பேச்சாகப் போய்விடும். ஒன்றேகால் அளவு போட வேண்டிய தோட்டாவில் இரண்டு அளவு கொட்டினேன். கனமான அட்டைக்குப் பதில் மெல்லிசாக ஒன்றை வைத்து அழுத்தினேன். ரவையைப் போட்டு மூடினேன். வாய்வரை நிரம்பி நின்றது. இன்னொன்றையும் அதேபோலச் செய்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் நடுங்குகிறது. மற்ற நான்கு தோட்டாக்களையும் ஒழுங்காக ஒரு அளவே போட்டு வைத்தேன்.

பழைய சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, மணல் மூட்டைகளை ஏற்றி, துப்பாக்கியை அதில் இறுகக் கட்டினார். குழல் மலையைப் பார்த்திருந்தது. நாங்கள் இருவரும் கிணற்று மேட்டுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தோம். கயிற்றை இழுத்தார்.

அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்த்திருந்தும் காதைப் பொத்திக்கொண்டேன். மலையில் பட்டுத் திரும்பி வந்தது. புங்க மரத்துக் காக்கை எல்லாம் எழும்பின. வெள்ளைப் புகை கலைய வெகுநேரம் ஆனது. கலைந்தபோது மூட்டைகள் நகர்ந்திருந்தன. துப்பாக்கி அப்படியே இருந்தது.

"அடேயப்பா" என்றார் அவர், சின்னப் பையன் மாதிரி. "ஒண்ணேகாலுக்கே இந்தப் போடு போடுதே! அவ போட்டது இப்படிச் சத்தம் கேட்டதில்ல."

பிறகு இடக்குழல். அதுவும் வெடித்துச் சிதறவில்லை. புகைக்குப் பின்னால் அந்தக் கோடுகளோடு பளபளவென்று கிடந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. செத்துப்போனவளை இரண்டு தரம் கொல்லப் பார்த்து இரண்டு தரமும் தோற்றவள்போல நின்றேன்.

"நூலை நீயே பாரு. எனக்கு முடிச்சு தெரியாது" என்று ஐந்து நூலையும் என் கையில் கொடுத்தார்.

நான்கு நூல் சேர்ந்தன. ஐந்தாவது, ஆசாரி சொன்ன அதே இடம், கை பிடிக்கிற இடம். இழுத்துப் பார்த்தேன். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு கடுகளவு இடைவெளி. இடக்குழலை விரலால் தடவினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரலுக்கு ஒரு மேடு தெரிந்தது, கொசு கடித்துத் தடித்த இடத்தைத் தொட்டால் தெரிவது மாதிரி.

நான் விரும்பியது கிடைத்துவிட்டது. 'சேரவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உடனே அடுத்தது ஞாபகம் வந்தது. இவர் இதைச் சேலத்துக்குக் கொண்டுபோவார். ஆசாரி பார்ப்பார். ஒன்றேகால் அளவுக்கு இப்படி ஊதியிருக்காதே என்பார். யார் தோட்டா போட்டது என்று கேட்பார். பானைச் சத்தம் என்று சொன்னவளை அவர் மறந்திருக்கமாட்டார்.

"என்ன புள்ள?"

"சேருதுங்க" என்றேன்.

அவர் சந்தோஷமாகக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நான் மேட்டில் போய் உட்கார்ந்தேன். இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, சாயந்தரம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், கெட்ட சகுனம் கண்டேன் என்று ஏதாவது சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் குழல் மடங்கும் சத்தமும், தோட்டா உள்ளே விழுகிற சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். நான் ஒழுங்காகப் போட்ட நான்கு தோட்டாக்களில் இரண்டைப் போட்டு, கட்டையைத் தோளில் வைத்துவிட்டார். எதிரே பனைமரத்தில் ஒரு காய்ந்த மட்டை. குதிரை இரண்டையும் பின்னால் இழுத்திருந்தார். அவருடைய இடது கை குழலைத் தாங்கியிருந்தது. அந்த விரல்கள் இருந்த இடம் எனக்குத் தெரியும்.

"நிறுத்துங்க! சுடாதீங்க! சேரலீங்க, சேரலீங்க!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவர் விரலை எடுத்தார். குதிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தாங்கி இறக்கினார். குழலை மடக்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தார். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"என்ன சேரல?"

"அஞ்சாவது நூலு."

"சேருதுன்னியே."

"பொய் சொன்னேனுங்க. நான் ரெண்டு அளவு போட்டேன். ரெண்டு தோட்டாவுலயும்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "அது அவங்க துப்பாக்கி" என்றேன். வேறு எந்தக் காரணமும் வாயில் வரவில்லை. அவர் கத்துவார், அடிப்பார், என் அப்பனுக்கு ஆள் அனுப்புவார் என்று காத்திருந்தேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். ஆறாம் நாள் காலையில் துப்பாக்கியைப் பாயில் சுற்றிக்கொண்டு, "கெளம்பு. ஆசாரிகிட்ட நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். காது கேட்காத மனிதரிடம் குற்றத்தை ஒத்துக்கொள்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு அளவு என்று மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் கண் அகன்றது. குழலை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். "எடக்கொழலுக்குள்ள மோதரம் மாதிரி ஒரு நெழலு விழுதுங்க. ஊதிப்போச்சு" என்றார். வலக்குழலை அளக்கும் கருவியால் ரொம்ப நேரம் அளந்தார்.

"புதுக்கொழலுக்குச் சீமைக் கம்பெனிக்காரன் சோதனைக்குப் போட்டுப் பாக்கற அளவு மருந்து போட்டிருக்கீங்க அம்மணி. நான் பயந்துட்டு ஒண்ணேகால் சொன்னேன். வலது அதையும் தாங்கியிருக்குது. இனிமே அதுக்குப் பயமே வேண்டாம்." பிறகு என் கணவரைப் பார்த்து, "எடது முடிஞ்சுதுங்க. ஊசிய எடுத்துப்போட்டு அடைச்சுத் தாரேன். இது இனிமே ஒத்தக்கொழலுதான்" என்றார்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஆண்டகளூர்க் கேட்டு தாண்டிய பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"பன்னி கடலக்காயத் திங்குது. அதுக்குத்தான் துப்பாக்கிய எறக்குனேன். வேற ஒண்ணுமில்ல."

"செரிங்க."

"நெசமாத்தான்."

"செரிங்க" என்றேன். நம்பினேனா என்று கேட்டால் பாதி நம்பினேன். வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்ணை நான் பார்த்திருக்கிறேனே.

அதற்குப் பிறகும் தோட்டா போடும் வேலையை அவர் என்னிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் ராசிபுரத்திலிருந்து ஒரு தட்டான் தராசு வாங்கி வந்தார். நான் தோட்டா போட்டு முடித்ததும் எதிரில் உட்கார்ந்து, சரியான ஒரு தோட்டாவை ஒரு தட்டில் வைத்து, மற்ற ஒவ்வொன்றையும் அடுத்த தட்டில் வைத்து நிறுப்பார். முள் அசைகிறதா என்று என்னையே பார்க்கச் சொல்வார், ஏனென்றால் அவருக்குத் தெரியாது. பொய் சொன்னவளிடமே கேட்டுச் சரிபார்க்கும் அந்த வேடிக்கையை அவர் சிரிக்காமல் செய்தார். எனக்கு அவமானமாக இருக்கும். அதைவிட வேறொன்று குத்தும். அவள் போட்ட தோட்டாவை இவர் ஒரு நாளும் நிறுத்ததில்லை.

துப்பாக்கி நன்றாகவே வேலை செய்தது. அந்த வருஷம் அவர் அந்த ஒற்றைக் குழலால் இரண்டு பன்றி சுட்டார். மற்றவை சத்தத்துக்கே மலையேறிவிட்டன. கடலைக்காய் வீடு வந்து சேர்ந்தது. நான் ஒரு தரம் சுட்டுப் பார்த்தேன். ஆசாரியிடம் கட்டையைக் குறைத்து வாங்கலாமா என்று அவர் கேட்டதற்கு வேண்டாமென்றேன். என் அளவுக்கு வெட்டிவிட்டு நான் குறி தப்பினால் அது இன்னும் கேவலம். எட்டாத கட்டையை எட்டிப் பிடித்துச் சுட்டேன். தோள் ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது. பனைமட்டை ஆடக்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "கொழலு மேல போயிருச்சு, அவ்வளவுதான்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

யுத்தம் வந்த பிறகு மருந்து கிடைப்பது குறைந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து தோட்டா போட்டால் அதிகம். அதற்குள் எனக்கு இரண்டு குழந்தைகள். ஒரு நாள் முறத்தில் வேலையை முடித்து, தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டுத் தராசுக்காகக் காத்திருந்தேன். அவர் வந்தார். குனிந்து நான்கைந்தை அள்ளி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நிறுக்கலீங்களா?"

"வேண்டாம் உடு."

வாசல்வரை போய்விட்டார். இத்தனை வருஷமாக நான் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. ஒரு குழந்தை தொட்டிலில் அழ, இன்னொன்று காலைக் கட்டிக்கொண்டிருக்க, மருந்தை நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் போட்டிருந்தேன். எதிலாவது இரண்டு தரம் கொட்டியிருந்தால்?

"சித்தெ நில்லுங்க" என்று தராசை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "பைய அவுத்து எல்லாத்தையும் வைய்யுங்க. நிறுத்துப்போட்டுத்தான் போகணும்."

"அட, நான்தான் வேண்டாங்கறேனே."

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு வேணுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார். ஒன்றொன்றாக நிறுத்தோம். எல்லாம் சரியாக இருந்தன.